நனைந்தால் தெரியும் பேர்

கண்ணு,

ரெண்டு வாரத்துக்கு முன்னால் போனில் பேசும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நீ குடியிருக்கிற சரவணம்பட்டி வீட்டில் பால்கனிக் கம்பிக்குப் பெயிண்ட் அடித்த ஆள், கீழே சிமெண்டுத் தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிந்திவிட்டுப் போய்விட்டான், காலி செய்யும்போது வீட்டுக்காரர் திட்டுவார், அதை எப்படிம்மா எடுக்கிறது என்று கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரையில் ஒட்டின பெயிண்டை எப்படி எடுப்பது, எப்படி எடுக்கக் கூடாது என்று சூலூரிலேயே என்னை விட நன்றாகத் தெரிந்தவர் இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். எப்படித் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் வைத்துவிட்டேன்.

அந்தப் பெயிண்ட் கேள்விக்கு முன்னால் நீ வேறு ஒன்று சொன்னாய். தாராபுரத்துச் சம்பந்தம் சரிப்படவில்லை, சாதகம் பொருந்தவில்லையாம் என்று நான் சொன்னேன். அதற்கு நீ, "சாதகமெல்லாம் சும்மாம்மா. ஒருக்காக் கல்யாணம் ஆகிக் கோர்ட்டுல தீத்துக்கிட்டவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க. எல்லாம் என்னாலதான். இனிமே பாக்காதீங்க, உட்டுருங்க" என்றாய். சொல்லிவிட்டு உடனே பால்கனிக்குத் தாவிவிட்டாய். சின்ன வயதில் அழுகை வரும் நேரத்தில் "இன்னிக்கு என்ன கொழம்பும்மா" என்று கேட்பாயே, அதே குரல். அதற்கப்புறம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிற உனக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றுதான் அர்த்தம். சாதகம் பொருந்தாமல் போகவில்லை கண்ணு. நன்றாகவே பொருந்தியது. யாரால் கெட்டது என்பதை முழுசாகப் படித்துவிட்டு நீயே சொல்.

நம் வாசல் உனக்குத் தெரியும். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் சிமெண்டுத் தளம், படிக்கு நேர் முன்னால் உங்கப்பா எழுதின எழுத்து. உன் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தறிக் குடோன் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு எனாமலை எடுத்துவந்து, மனைப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சாக்பீஸில் கோடு போட்டு, ரெண்டு கை பூசி எழுதினார். சுகன்யா வருக. மண்டபத்து வாசலில் பிளக்ஸ் வைக்கிறார்கள், இது எதற்குங்க என்று நான் கேட்டதற்கு, "பிளக்ஸு மண்டபத்துக்கு. இது ஊட்டுக்கு" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை என்றே வைத்துக்கொள். நான் கல்யாணமாகி வந்தபோது என் பேரை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

அன்றைக்கு சுகன்யா ஆரத்தி முடிந்து உள்ளே வலது காலை வைக்கப் போனவள், கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "என்ற பேர நானே மிதிக்கறதுங்களா அத்தை?" என்று கேட்டு, பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே தாவலாகத் தாவி வாசற்படிக்குப் போய்விட்டாள். எல்லாரும் சிரித்தோம். அது அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். நம் வீட்டில் இருந்த ரெண்டு வருஷமும் அவள் அந்த எழுத்தை மிதிக்கவில்லை. வேலைக்குப் போகும்போது தாவுவாள், வரும்போது தாவுவாள், கையில் தண்ணீர்க் குடம் இருந்தாலும் ஓரமாக எட்டு வைத்துப் போவாள். உங்கப்பா அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் நாற்காலியை வெளியே போட்டு உட்காருவார் என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னதில்லை.

உங்கள் ரெண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை, கைநீட்டவில்லை, வாய்க்கு வந்தபடி பேசவும் இல்லை. பேசிப் பேசிக் களைத்துப்போய், கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து ரெண்டு பேரும் ஒன்றாக டீ குடித்தீர்கள் என்று நீயே சொன்னாய். அந்தப் பெண் நம் வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த எழுத்தைச் சுற்றித்தான் போனாள். அதற்கப்புறம் வாசலில் இருந்த எழுத்தை யாரும் தொடவில்லை. வெயில் பட்டுச் சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. நான் தினமும் அதன் மேலேயே கோலம் போட்டுப் பழகிக்கொண்டேன்.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "பையனுக்கு ஏதாச்சும் அமைஞ்சுதுங்களா?" கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், நம் ஊரில் நலம் விசாரிப்பதே அப்படித்தான். ஆனாலும் கேட்டுவிட்டு ஒரு 'ச்சு' கொட்டுவார்கள் பார், அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தட்ட முடியாமல் போனபோது, பந்தியில் என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா உட்கார்ந்தார். தாராபுரத்துக்காரர். நல்ல மனுசி, பேச்சில் அவ்வளவு தன்மை. ரசம் வருகிற நேரத்தில், "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார். ஒரே பையனுங்க என்றேன். "கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். அந்த முகத்துக்கு நம் கதை எதுவும் தெரியாது. 'ச்சு' கொட்டாத முகம் ஒன்று ரொம்ப நாளைக்கப்புறம் என் முன்னால் இருந்தது. "இன்னும் இல்லீங்க, பாத்துட்டு இருக்கறோம்" என்று சொல்லிப்போட்டேன்.

வாய் தவறி வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பாயசம் வருவதற்குள் மாற்றிச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மாற்றவில்லை. அவருக்கும் ஒரு பெண் இருந்தாள், படித்து வேலையில் இருக்கிறாள் என்றார். கை கழுவும் இடத்திலேயே நம்பர் வாங்கிக்கொண்டோம். சாதகம் போனது, வந்தது, பொருந்தியது. உன்னிடம் சொன்னபோது நீ முதலில் கேட்டதே, "நம்ம விசயத்த மொதல்லயே சொல்லிட்டீங்களாம்மா?" என்பதுதான். "சொல்லியாச்சு கண்ணு, அவங்க ஒண்ணும் நெனைக்கல" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். நீ நாலாவது படிக்கும்போது பக்கத்துத் தறி ஷெட்டின் கூரை ஓட்டைப் பந்தடித்து உடைத்துவிட்டு நான் இல்லை என்றாயே, அன்றைக்கு உன் காதைப் பிடித்துக் கூட்டிப்போய் அவர்கள் வாசலில் நிற்கவைத்து, உண்மையைச் சொன்னால்தான் சோறு என்றவள் நான். அந்தக் காதிலேயே இப்போது பொய்யைப் போட்டேன்.

நம் ஆட்கள் விசாரிக்காமல் பெண் கொடுப்பார்களா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாதா? சூலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரெண்டு பேரைக் கேட்டால் முடிந்தது. ஆனாலும் மனசு ஒரு கணக்குப் போட்டது. முதலில் வீட்டைப் பார்க்கட்டும், நம்மைப் பிடித்துப்போகட்டும், உன்னைப் பார்க்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், பிடித்துப்போன பிறகு யார் வேண்டாம் என்பார்கள் என்று. புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று போன் செய்தார்கள். முதலில் பெரியவர்கள் வந்து பார்ப்போம், பையனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் சுகன்யா வருக.

உங்கப்பா கண் ஆஸ்பத்திரிக்கு கோயமுத்தூர் போயிருந்த நாளாகப் பார்த்து ஆரம்பித்தேன். முதலில் தேங்காய் நாரும் சோப்புத் தூளும். எனாமலுக்கு அது குளிப்பாட்டின மாதிரி, இன்னும் பளிச்சென்று ஆனது. கடைக்குப் போய் பெயிண்டை உரிக்கிற மருந்து ஒரு டப்பா வாங்கிவந்து பூசினேன். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழுந்து வந்தது. சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டினேன். சுரண்டும்போது ஒரு யோசனை வந்தது பார், அதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. 'வருக' என்பதை எதற்கு அழிக்க வேண்டும்? அது இருக்கட்டும். பேர் மட்டும் போனால் போதும். நாளைக்கு நல்லது நடந்தால் அந்தக் காலியிடத்தில் உங்கப்பா புதுப் பேரை எழுதிக்கொள்வார். அப்படி நினைத்து, அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் மருந்து படாமல் துணியைச் சுருட்டி அணை கட்டி, சுகன்யாவை மட்டும் சுரண்டினேன்.

மேலே இருந்த தோல் வந்துவிட்டது. ஆனால் சிமெண்டு பார்க்கத்தான் கல், உள்ளே எல்லாம் பொடிப் பொடி ஓட்டை. சிவப்பு அதற்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் வெளியே வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போனது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். முட்டி தேய்ந்தது, எழுத்து தேயவில்லை. கடைசியில் பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட்டை எடுத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டு, உங்கப்பா எழுதின மாதிரியே எழுத்து எழுத்தாகத் தடவினேன். புஸ்ஸென்று நுரைத்துப் புகைந்தது. இருமல் தாங்கவில்லை, கண்ணில் நீர் கொட்டியது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு விடாமல் தடவினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். வெயிலில் காய்ந்த பிறகு வந்து பார்த்தால், பேர் இல்லை. வெளுத்த சிமெண்டு, பக்கத்தில் வருக. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கு உடம்பே கூசுகிறது. ரெண்டு வருஷம் என்னை அத்தை அத்தை என்று கூப்பிட்ட பெண்ணின் பேரின் மேல் ஆசிட்டை ஊற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தேன் கண்ணு.

சாயங்காலம் உங்கப்பா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்தவர், கேட்டைத் திறந்து ரெண்டு எட்டு வைத்ததும் நின்றார். என்னையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். "வருக மட்டும் எதுக்கு உட்டு வெச்ச?" என்று கேட்டார். அவருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் தோசை வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் விடியுமுன்னே கேட்டுப் பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். படிப் பக்கம் போகவில்லை. நல்லா விடிந்ததும் பார்த்தால், ஆசிட் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு தூள் பூத்திருந்தது. பல்லடம் தாண்டிவிட்டோம் என்று போன் வந்தபோதும் அந்தத் தூள் அப்படியே இருந்தது. வருகிறவர்கள் காலில் ஒட்டுமே, சேலையில் படுமே என்று ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாசல் முழுக்கத் தெளித்து விளக்குமாறால் தள்ளிவிட்டு, காபிக்குப் பால் வைக்க உள்ளே ஓடினேன். விருந்தாளி வரும்போது வாசல் தெளித்து வைப்பது என் அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம். அந்தப் பழக்கம் என்னை இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

கார் வந்து நின்றது. உங்கப்பாவும் நானும் வெளியே வந்து, அவரை ஒரு வாங்க, அந்த அம்மாவை ஒரு வாங்க என்று தனித்தனியாகக் கூப்பிட்டோம். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். வெயில் ஏறி வாசல் முழுக்கக் காய்ந்துவிட்டது. ஆசிட் தின்ற இடம் மட்டும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயாமல் இருந்தது. கறுப்பாக, அச்சடித்த மாதிரி, ஒரு சுழி குறையாமல், சுகன்யா. பக்கத்தில் சிவப்பில் வருக. பெயிண்டில் இருந்தபோதுகூட அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"ஏனுங்க, சுகன்யாங்கறது யாருங்க?" என்று பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"எங்க நாத்தனார் மகளுங்க. பெரியவளாகிச் சீர் பண்ணினப்ப, தாய்மாமன் ஊட்டுக்கு விருந்துக்கு வந்தா. அதுக்கு எழுதுனதுங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் அவ்வளவு பொருத்தமான பொய். உன் அத்தைக்கு மகளே இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் உங்கப்பாவிடம் திரும்பி, "நீங்க எழுதுனதுங்களா? எழுத்து அச்சாட்டம் இருக்குதுங்க" என்றார். உங்கப்பா, "ஆமாங்க, எழுதுனது நாந்தானுங்க" என்றார். பொய் சொல்லாமல் நிற்பது எப்படி என்று என் பக்கத்திலேயே ஒரு மனுசன் காட்டிக்கொண்டு நின்றார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

காபி குடித்துவிட்டு பெண்ணின் அப்பா பலகாரத் தட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பாருங்க என்று நான் எழுந்தேன். "வேண்டாமுங்க. தங்கச்சி பொண்ணு விருந்துக்கு வந்ததுக்கே பேர எழுதி வாங்கன்னு கூப்புடற ஊடு இது. இதுக்கு மேல என்னங்க பாக்கோணும்? என்ற பொண்ண நம்பித் தரலாமுங்க" என்றார். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. போகும்போது ரெண்டு பேரும் அந்த ஈர எழுத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். சுகன்யா போன மாதிரியே போனார்கள்.

கார் போனதும் உங்கப்பா அந்த இடத்தில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து இருந்த இடம் குழிந்திருந்தது. "நான் மேலால எழுதுனேன் அம்மணி. நீ உள்ளார எழுதிப்போட்ட" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அந்த அம்மா அடிக்கடி போன் செய்தார். நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாங்களா என்பார், பையன் என்ன கறி விரும்பிச் சாப்பிடுவார் என்பார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "என்ற பொண்ணுகிட்ட உங்க வாசலப் பத்திச் சொன்னனுங்க. அவ பேரையும் எழுதுவாங்களான்னு கேக்கச் சொன்னாளுங்க" என்றார். நான் ஆமாங்க என்றோ இல்லீங்க என்றோ சொல்லவில்லை. அடுப்பில் என்னமோ கருகுதுங்க என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. முகம் பார்க்காத ஒரு பெண், நான் ஆசிட் ஊற்றித் துடைத்து வைத்த இடத்தில் தன் பேரை எழுதச் சொல்கிறாள். மறுநாள் காலையில் உங்கப்பாவிடம் தாராபுரம் போய்வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

அந்த அம்மா வீட்டில் தனியாக இருந்தார். வாங்க வாங்க என்று கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று செம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பந்தியில் சொன்னது, உன்னிடம் சொன்னது, நாத்தனார் மகள், மருந்து, தின்னர், ஆசிட், எல்லாம். முடித்த பிறகு அவர் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நாங்க ரோசனை பண்ணியிருப்போமுங்க. எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு அப்படி இருக்கறாங்க, நல்லாத்தான் இருக்கறாங்க" என்றார். அப்புறம், "அந்தப் புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. நல்ல புள்ளைங்க."

"ஒண்ணும் பண்ணாத புள்ள பேரையே அப்படி அழிச்சிருக்கறீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வருக மட்டும் உட்டு வெச்சது என்ற பொண்ணுக்குங்களா?"

நான் தலையாட்டினேன். கோபத்தில் கத்துகிற ஊரில் பிறந்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். இங்கே அப்படியா? "நேரமாச்சு, சாப்புட்டுத்தான் போகோணுமுங்க" என்று இலையைப் போட்டார். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. உட்கார்ந்தேன். பருப்புக்கு நெய் ஊற்றினார், ரெண்டாவது தரம் ரசம் ஊற்றினார். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு சோற்றையும் நான் விழுங்கியதில்லை. பஸ் ஏற்றிவிட அவரே கூட வந்தார். "உங்க பையன் மனசு நோக வேண்டாமுங்க. சாதகம் பொருந்தலைன்னு சொல்லிப்போடுங்க" என்றார். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுசி கொடுத்த பொய் அது. நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் அப்படியே சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நீ என்னாலதான் என்றாய். என்னை மூடிக்கொள்ள வாங்கி வந்த பொய், உன் தலையில் போய் விழுந்தது.

உன் பால்கனிக்கு வருகிறேன். காய்ந்த சொட்டுகள் சின்னதாக இருந்தால் பட்டித் தகட்டால் மெதுவாக நெம்பிப் பார், பாதி வந்துவிடும். மீதிக்கு அந்த மருந்தை ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டு அப்புறம் பூசு. மூக்கைத் துணியால் கட்டிக்கொள், கையுறை போட்டுக்கொள். தின்னரை ஊற்றித் தேய்க்காதே, கறை பரவும். ஆசிட் பக்கமே போகாதே. சொட்டு இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே மட்டும் தனியாகத் தெரியும், அதனால் தேய்ப்பதென்றால் தரை முழுக்க ஒரே மாதிரி தேய்க்க வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிடு. வீட்டுக்காரர் கேட்டால் சிந்திவிட்டதுங்க என்று சொல். அதைச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் இவ்வளவும் செய்தேன்.

வாசலை மராமத்து செய்துவிடலாமா, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாமா என்று உங்கப்பாவிடம் கேட்டேன். "மறுபடியும் மறைக்கறதுக்கா?" என்றார். அதனால் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கிறேன், பேர் எழுந்து வருகிறது, நான் கோலம் போட்டு முடிப்பதற்குள் மெதுவாகக் காய்ந்து மறைகிறது. முன்பெல்லாம் அதன் மேலேயே கோலம் போட்டவள், இப்போது தள்ளிப் போடுகிறேன். மிதிக்கவும் முடியவில்லை. இந்த வயதில் எனக்குத் தாவ வராது, சுற்றிப் போகிறேன்.

இன்னும் ஒன்று உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இதுதான் கடைசி, இதற்கு மேல் என்னிடம் ஒளித்துவைத்தது எதுவும் இல்லை. பஸ் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். "பொண்ணுக்கு உங்க பையன போட்டோவப் பாத்தே புடிச்சுப்போச்சுங்க. எங்களுக்கும் அவரப் பத்தி ஒரு கொறையுமில்லீங்க. உங்கள நெனச்சாத்தானுங்க பயமா இருக்குது" என்றார். அப்போதும் அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வந்து சண்டை போடு, பேசாமல் இரு, எது வேண்டுமானாலும் செய். பெண் பார்ப்பதும் வேண்டாம் என்பதும் இனி உன் இஷ்டம். ஆனால் நாளைக்கு யாராவது அந்தப் பேச்சோடு நம் கேட்டைத் திறந்தால், அவர்கள் வருவதற்கு முன்னால் நானே வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து படி முன்னால் நன்றாக ஊற்றி வைப்பேன். சுகன்யா யாருங்க என்று கேட்டால், என் மகன் கட்டின பொண்ணுங்க, எங்களோடு ரெண்டு வருஷம் இருந்த நல்ல புள்ளைங்க, பேரை அழிக்கப் பார்த்தவள் நான்தானுங்க என்று சொல்வேன். என்னாலதான் என்று நீ இனி ஒருதரம்கூடச் சொல்லக் கூடாது கண்ணு. தாராபுரத்தில் உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றது என்னை.

அம்மா